அரிவாள் எழுதும் தீர்ப்பும் அறம் எழுதும் தீர்ப்பும்



தண்டனை என்ற சொல்லை நாம் நாள்தோறும் பேசுகிறோம். பள்ளிப் பிள்ளையைப் பெஞ்சின்மேல் ஏற்றி நிறுத்தினால் தண்டனை. ஆலைக்குக் கால் மணி நேரம் பிந்தி வந்தவனின் கூலியைப் பிடித்தால் தண்டனை. ஊர் கூடி ஒரு குடும்பத்தைத் தள்ளிவைத்தால் தண்டனை. நீதிபதி எழுதுவதும் தண்டனை. அதோடு நின்றதா? பட்டப்பகலில், பலர் பார்க்க, ஓர் இளைஞனை வெட்டிச் சாய்த்துவிட்டு, "சாதி கெடுத்தவனுக்குத் தண்டனை கொடுத்தோம்" என்று மார்தட்டும் கூட்டமும் இந்த நாட்டில் இருக்கிறது.

ஆசிரியரும் அதே சொல், ஆலை முதலாளியும் அதே சொல், நீதிபதியும் அதே சொல், கொலைகாரனும் அதே சொல்! ஒரு சொல்லுக்குள் இத்தனை பேர் ஒளிந்துகொள்ள முடியுமானால், அந்தச் சொல்லைப் பிடித்து உலுக்கிப் பார்ப்பது பகுத்தறிவாளர் கடமை அல்லவா? தண்டனை என்றால் என்ன? அதைக் கொடுக்கும் உரிமை யாருக்கு? எந்த நியாயத்தின்மேல் நின்று ஒரு மனிதனை இன்னொரு மனிதன் துன்புறுத்தலாம்? இந்த வினாக்களைப் பல்கலைக்கழகப் பேராசிரியர்கள் மட்டும் பேசிக் கலைவது போதாது. நூற்பாலைத் தோழர்களும், கரும்பு வெட்டும் தோழர்களும், தேநீர்க் கடை பெஞ்சில் ஏடு படிக்கும் தோழர்களும் பேசியாக வேண்டும். ஏன் என்றால், இந்த வினாவுக்கு இரத்தத்தால் விடை எழுதப்பட்டது நம் உடுமலைப்பேட்டையில்!

உடுமலை கண்ட கொடுமை

2016ஆம் ஆண்டு மார்ச் 13ஆம் நாள், ஞாயிற்றுக்கிழமை. உடுமலைப் பேருந்து நிலையம் அருகே கடைத்தெரு. அமராவதிக் கரையிலுள்ள கொமரலிங்கத்தைச் சேர்ந்த சங்கர், வயது 22, பொறியியல் மாணவர், ஒடுக்கப்பட்ட சமூகத்தில் பிறந்தவர். அவருடன் அவருடைய மனைவி கௌசல்யா, வயது 19, பழனியைச் சேர்ந்தவர், வேறு சாதியில் பிறந்தவர். எட்டு மாதங்களுக்கு முன்பு, 2015 ஜூலையில், தாமே விரும்பித் திருமணம் செய்துகொண்டவர்கள். துணி வாங்கிக்கொண்டு திரும்பும்போது, இருசக்கர வண்டிகளில் வந்த கும்பல் அவர்களைச் சூழ்ந்தது. அரிவாள் உயர்ந்தது. சங்கர் உயிரிழந்தார். கௌசல்யா தலையில் வெட்டுக்காயத்தோடு உயிர் பிழைத்தார். கடை வாசலில் இருந்த கேமரா அத்தனையையும் பதிவு செய்தது. நாடே அந்தப் படத்தைப் பார்த்துப் பதறியது.

பதறியவர்கள் பலர். பதறாதவர்களும் இருந்தார்கள் என்பதுதான் நம் பேச்சு. "பெற்றவர் மனம் என்ன பாடுபட்டிருக்கும்!" என்றார் ஒருவர். "வரம்பு மீறினால் இப்படித்தான்" என்றார் இன்னொருவர். "கொலை தப்புதான், ஆனால்..." என்று தொடங்கினார் மூன்றாமவர். தோழர்களே, அந்த 'ஆனால்' இருக்கிறதே, அதற்குள்தான் அரிவாள் தீட்டப்படுகிறது! அந்த 'ஆனால்' என்ன சொல்கிறது? நடந்தது வெறும் கொலை இல்லையாம். ஏதோ ஒரு குற்றத்துக்கு ஏதோ ஒரு தண்டனையாம். கொஞ்சம் அளவு மிஞ்சிவிட்டதாம், அவ்வளவுதானாம்!

சரி, அவர்கள் வாதத்தையே தராசில் வைப்போம். கோபப்பட வேண்டாம். எடை போடுவோம்.

தண்டனைக்கு உரிய இலக்கணம்

தட்டானிடம் தங்கம் கொண்டுபோனால் உரைத்துப் பார்க்கிறான். நாமும் ஒரு செயலைத் தண்டனை என்று ஏற்குமுன் ஐந்து முறை உரைத்துப் பார்ப்போம்.

முதல் உரை: குற்றம் என்று ஒன்று நடந்திருக்க வேண்டும். இரண்டாவது: அதைச் செய்தவனே தண்டனை பெற வேண்டும், அப்பன் செய்ததற்கு மகனும், அண்ணன் செய்ததற்குத் தங்கையும் பெறக் கூடாது. மூன்றாவது: அது குற்றம் என்று முன்கூட்டியே எல்லோருக்கும் தெரியும்படி சட்டம் சொல்லியிருக்க வேண்டும். நான்காவது: குற்றம் சாட்டப்பட்டவன் வாய் திறந்து பேச இடம் தந்து, சான்று கேட்டு, விசாரித்திருக்க வேண்டும். ஐந்தாவது: தண்டிப்பவன் தன் சொந்தக் கோபத்தைத் தீர்த்துக்கொள்ளாமல், மக்கள் அனைவரின் பெயரால், மக்கள் தந்த அதிகாரத்தால் தண்டிக்க வேண்டும்.

இவற்றில் ஒன்று குறைந்தாலும் அது தண்டனையாகாது. குற்றம் இல்லாமல் துன்புறுத்தினால் கொடுமை. ஆள் மாற்றித் துன்புறுத்தினால் அநியாயம். விசாரிக்காமல் துன்புறுத்தினால் வெறியாட்டம். சொந்தப் பகைக்காகத் துன்புறுத்தினால் பழிவாங்கல்.

இப்போது உடுமலைக்கு வாருங்கள். குற்றம் என்ன? வயது வந்த ஓர் ஆணும் வயது வந்த ஒரு பெண்ணும் மணந்துகொண்டார்கள். எந்தச் சட்டத்தில் இது குற்றம்? சாதி கடந்து மணப்பதைத் தடுக்கும் சட்டம் இந்தியாவில் எங்கும் இல்லை. இருக்கும் சட்டம் எல்லாம் எதிர்த் திசையில் பேசுகிறது. 1954ஆம் ஆண்டின் தனித் திருமணச் சட்டம் சாதி மதம் கேட்காமல் திருமணத்தைப் பதிவு செய்கிறது. அண்ணா முதல்வராக இருந்தபோது, 1967இல், சுயமரியாதைத் திருமணத்துக்கு இந்தத் தமிழ்நாடு சட்ட ஏற்பு தந்தது. சட்டம் வாழ்த்துச் சொன்ன செயலுக்கு அரிவாள் தண்டனை சொல்கிறது! விசாரித்தது யார்? ஒருவருமில்லை. மக்கள் தந்த அதிகாரம் எங்கே? அரிவாளின் பிடியில்!

ஐந்து உரையிலும் பித்தளை என்று தெரிந்துவிட்டது. பிறகும் தங்கம் என்று விற்பவன் ஏமாற்றுக்காரன், வாங்குபவன் ஏமாளி.

"குடும்பத்தின் மானம் போனதே, அது குற்றமில்லையா?" என்று கேட்பார்கள். விடை சொல்வோம். ஒருவர் மனம் நொந்தது என்பதாலேயே இன்னொருவர் குற்றவாளி ஆகிவிடுவாரா? என் பக்கத்து வீட்டுக்காரர் என்னைவிட நல்ல வீடு கட்டினால் என் மனம் நோகிறது. இடிக்கலாமா? பண்ணையார் முன் துண்டை இடுப்பில் கட்டாமல் தோளில் போட்டு நடந்தான் ஒரு தொழிலாளி. பண்ணையார் மனம் நொந்தது. வெட்டலாமா? நொந்த மனமே சட்டம் என்றால், எவன் மனம் எளிதில் நோகிறதோ அவனே நாட்டுக்கு மன்னன்!

இன்னும் ஒன்று. பெண் தன் துணையைத் தேர்ந்துகொண்டால் குடும்பம் எதையோ பறிகொடுத்ததாக ஏன் நினைக்கிறது? பறிகொடுக்க வேண்டுமானால் உடைமை இருக்க வேண்டும். மாடு களவு போயிற்று என்கிறோம், பணம் களவு போயிற்று என்கிறோம். மகள் களவு போனாள் என்றால் மகளும் மாடுதான், பணம்தான் என்று பொருள். சங்கர் செய்தது களவு என்றால், கௌசல்யா மனிதர் அல்லர், பொருள் என்று முதலில் ஒப்புக்கொள்ள வேண்டும். இதை வாய்விட்டுச் சொல்லும் துணிவு அவர்களுக்கு உண்டா? இல்லை. ஆகவேதான் 'மானம்' என்ற முகமூடி!

பிறப்புக்கு ஒரு நீதி

இந்த நோய் நேற்று வந்ததன்று. சட்டமாகவே எழுதி வைத்த காலம் இருந்தது. மனுதர்மத்தின் எட்டாம் அத்தியாயத்தைப் புரட்டுங்கள். சூத்திரன் மேல்வருணத்தானை இழித்துப் பேசினால் அவன் நாக்கை அறுக்க வேண்டுமாம். பிறருக்கு உயிர்த் தண்டனை விதிக்கும் குற்றத்தைப் பார்ப்பனன் செய்தால், தலையை மழித்துவிட்டால் போதுமாம்! ஒருவனுக்குத் தலை போகும். ஒருவனுக்குத் தலைமயிர் போகும். குற்றத்தை நிறுக்கும் தராசு அது அன்று; பிறப்பை நிறுக்கும் தராசு.

வெள்ளைக்காரன் 1860இல் தண்டனைச் சட்டம் கொண்டுவந்தான். ஒரு குற்றத்துக்கு ஒரே தண்டனை, எவர் செய்தாலும், என்றது அந்த ஏடு. நல்லது. ஆனால் அதே வெள்ளைக்காரன் 1871இல் குற்றப் பரம்பரைச் சட்டம் என்று ஒன்றைக் கொண்டுவந்தானே! ஒரு குலத்தில் பிறந்ததே குற்றம், கைரேகை வை, இரவில் ஊரை விட்டு நகராதே என்றானே! அதை எதிர்த்துப் பெருங்காமநல்லூரில் 1920 ஏப்ரல் 3ஆம் நாள் மக்கள் திரண்டபோது துப்பாக்கியால் சுட்டுத் தள்ளினானே! மதுரைச் சீமையில் இன்றும் அந்த நினைவு ஆறவில்லை.

பிறப்புக்காகத் தண்டிக்கப்படுவது எவ்வளவு பெரிய கொடுமை என்று இந்த மண்ணில் பலருக்கும் பாட்டன் காலத்துத் தழும்பு சாட்சி சொல்கிறது. அந்தத் தழும்பைத் தடவிப் பார்த்தவன், இன்னொருவனைப் பிறப்புக்காகத் தண்டிக்கலாமா? "நான் செய்யாத குற்றத்துக்கு என் பிறப்பைக் காட்டி என்னைத் தண்டித்தாய்" என்று வெள்ளைக்காரனைக் கேட்டது நியாயம் என்றால், அதே வினாவைச் சங்கர் கேட்டாலும் நியாயம். வினா ஒன்று, விடையும் ஒன்றாகத்தான் இருக்க வேண்டும்.

தமிழன் தண்டனையை எப்படிப் பார்த்தான்? தட்டானின் சொல்லைக் கேட்டு, விசாரணை இல்லாமல், கோவலனைக் கொல்லச் சொன்னான் பாண்டியன். சிலம்பை உடைத்துக் காட்டிக் கண்ணகி வழக்காடினாள். உண்மை தெரிந்ததும் மன்னன் அரியணையிலேயே உயிர் விட்டான். கதையோ வரலாறோ, அது சொல்லும் நீதி இதுதான்: விசாரிக்காமல் தண்டித்தவன், மன்னனே ஆனாலும், குற்றவாளி. மணிமுடி தரித்தவனுக்கே அந்த உரிமை இல்லை என்றால், மோட்டார் வண்டியில் அரிவாளோடு வந்தவனுக்கு எங்கிருந்து வந்தது?

பழியா, பயமா, திருத்தமா?

கொலைகாரன் செய்தது தண்டனை அன்று என்று முடிவு கட்டினோம். இனி அவனுக்கு நாம் தரும் தண்டனைக்கு என்ன நியாயம்? இது கடினமான வினா. எதிரியை மடக்குவது எளிது. நம்மை நாமே கேட்டுக்கொள்வது கடினம்.

திருப்பூர் நீதிமன்றம் 2017 டிசம்பர் 12இல் தீர்ப்பளித்தது. பதினொரு பேர்மீது வழக்கு. பெண்ணின் தந்தை உட்பட ஆறு பேருக்குத் தூக்கு. ஒருவருக்கு ஆயுள், ஒருவருக்கு ஐந்தாண்டு. தாய் உட்பட மூவர் விடுதலை. பெற்றவர்களுக்கு எதிராகவே சாட்சிக் கூண்டில் ஏறி நின்றார் கௌசல்யா. அந்தத் துணிவுக்கு ஈடு சொல்ல நம்மிடம் சொல் இல்லை.

தூக்கு என்றதும் நம் தோழர்களில் பலர் மகிழ்ந்தார்கள். அந்த மகிழ்ச்சியைப் பிரித்துப் பார்ப்போம். அதற்குள் மூன்று காரணம் கலந்திருக்கும்.

ஒன்று, பழி. "உயிரை எடுத்தான், உயிரைக் கொடுக்கட்டும்." இயற்கையான உணர்ச்சி. இதற்குள் ஓர் உண்மையும் இருக்கிறது: குற்றவாளி மட்டுமே, குற்றத்தின் அளவுக்கு மட்டுமே துன்பப்பட வேண்டும் என்பது. ஆனால் அளவு என்பது அப்படியே திருப்பிச் செய்வதா? வீட்டுக்குத் தீ வைத்தவன் வீட்டுக்கு அரசாங்கம் தீ வைக்கிறதா? கையை வெட்டியவன் கையை மருத்துவமனையில் வைத்து வெட்டுகிறோமா? இல்லையே! மற்ற எல்லாக் குற்றத்திலும் நாம் கைவிட்ட கணக்கை, கொலையில் மட்டும் ஏன் கட்டிப்பிடிக்க வேண்டும்?

இரண்டு, பயம். "ஒருவனைத் தூக்கிலிட்டால் ஒன்பது பேர் அஞ்சுவான்." வாதம் கேட்க நன்றாக இருக்கிறது. நடப்பு என்ன சொல்கிறது? சாதி ஆணவக் கொலைகாரர்களுக்குத் தூக்கு காத்திருக்கிறது என்று உச்ச நீதிமன்றம் 2011இல், பகவான் தாஸ் வழக்கில், நாடறிய எச்சரித்தது. அதற்குப் பிறகு 2015இல் நம் கொங்கு மண்ணிலேயே பொறியியல் பட்டதாரி கோகுல்ராஜ் கொல்லப்பட்டார். 2016இல் உடுமலை. 2017இல் திருப்பூரில் ஆறு தூக்கு. சரியாகப் பதினெட்டு மாதம் கழித்து, 2019 ஜூனில், அடுத்த மாவட்டத்து மேட்டுப்பாளையத்தில், தம்பியையும் அவர் விரும்பிய ஒடுக்கப்பட்ட சமூகத்துப் பெண்ணையும் அண்ணனே வெட்டினான். அவனுக்கும் 2025 ஜனவரியில் கோவை நீதிமன்றம் தூக்கு விதித்தது. அதே ஆண்டு ஜூலையில் திருநெல்வேலியில் மென்பொருள் பொறியாளர் கவின் கொல்லப்பட்டார். தூக்குக் கயிற்றின் நிழல் விழுந்த இடத்திலேயே அரிவாள் மறுபடி உயர்ந்தது என்றால், பயம் எங்கே போயிற்று?

இங்கிலாந்தில் ஒரு காலத்தில் சட்டைப்பையில் கைவிட்டுத் திருடினால் தூக்கு. 1808 வரை அந்தச் சட்டம் இருந்தது. தூக்கிலிடுவதைப் பார்க்கக் கூட்டம் கூடும். அந்தக் கூட்டத்திலேயே ஜேப்படிக்காரர்கள் தங்கள் வேலையைக் காட்டினார்களாம்! ஏன்? மாட்டிக்கொள்ள மாட்டோம் என்ற நம்பிக்கை. இத்தாலி நாட்டு பெக்காரியா என்ற இளைஞர், 26ஆம் வயதில், 1764இல் ஒரு நூல் எழுதினார். தண்டனை எவ்வளவு கொடியது என்பதைவிட, எவ்வளவு உறுதியாக, எவ்வளவு விரைவாக வரும் என்பதே குற்றத்தைத் தடுக்கும் என்றார். இப்போது நம் கணக்கைப் பாருங்கள். விருத்தாசலம் பக்கத்தில் கண்ணகி, முருகேசன் இருவரும் 2003இல் கொல்லப்பட்டார்கள். தீர்ப்பு வந்தது 2021இல். பதினெட்டு ஆண்டு! கோகுல்ராஜ் வழக்கில் ஏழாண்டு. உடுமலை வழக்கு இருபத்தொரு மாதத்தில் முடிந்தது என்றால், படம் பிடித்த கேமராவும், பணியாத கௌசல்யாவும் இருந்ததால். எல்லா ஊரிலும் கேமரா இருக்குமா? எல்லா வழக்கிலும் கௌசல்யா உயிர் பிழைப்பாரா?

அதோடு, சாதிவெறியன் எதற்கு அஞ்சுகிறான் என்று யோசித்தீர்களா? அவன் கயிற்றுக்கு அஞ்சவில்லை. "மகளை அடக்கத் தெரியாதவன்" என்று தெருவார் சிரிப்பதற்கு அஞ்சுகிறான். சிறைக்குப் போனால் மாலை போட ஆள் வரும் என்று நம்புகிறான். அந்த மாலையை அறுக்காமல் கயிற்றை மட்டும் முறுக்கினால் பயன் என்ன?

மூன்றாவது காரணம், காப்பும் திருத்தமும். கொடியவனை அடைத்து வைத்தால் மற்றவர்க்குக் காப்பு. உள்ளே மனம் மாறினால் நல்லது. ஆணவக் கொலைகாரனுக்குத் திருந்த வேண்டும் என்ற எண்ணம் எப்போது வரும்? தான் செய்தது குற்றம் என்று உணரும்போது. ஊர் அவனை வீரன் என்று கொண்டாடும்வரை அவன் உணர மாட்டான்.

இந்த மூன்றுக்கும் மேலே நான்காவதாக ஒரு நியாயம் உண்டு. அதுவே முதல் நியாயம் என்பது என் வாதம். அரிவாள் என்ன சொல்லிற்று? "சங்கரின் உயிருக்கு விலை இல்லை" என்றது. தண்டனை தரும்போது நீதிமன்றம், நாட்டு மக்கள் அத்தனை பேர் சார்பிலும், அதற்கு மறுமொழி சொல்கிறது: "இல்லை! கொமரலிங்கத்துச் சேரிப் பிள்ளையின் உயிரும் கோட்டையில் இருப்பவர் உயிரும் ஒரே விலை." அரிவாள் எழுதிய பொய்யைச் சட்டம் அழித்து எழுதுகிறது. அந்த மறுப்பு எழுதப்படாவிட்டால் பொய்யே ஊர் வழக்கமாகிவிடும். ஆகவேதான் தண்டனை இல்லாமல் மன்னித்துவிடலாம் என்பாரோடு நமக்கு உடன்பாடில்லை.

விடுதலையும் வெண்மணியும்

2020 ஜூன் 22இல் சென்னை உயர் நீதிமன்றம் தீர்ப்பை மாற்றியது. சதிக் குற்றச்சாட்டு ஐயத்துக்கு இடமின்றி மெய்ப்பிக்கப்படவில்லை என்று பெண்ணின் தந்தையை விடுதலை செய்தது. ஐந்து பேரின் தூக்கை, தண்டனைக் குறைப்பு இல்லாத 25 ஆண்டுச் சிறையாக மாற்றியது. தமிழ்நாடு அரசு உச்ச நீதிமன்றத்தில் மேல்முறையீடு செய்தது.

அன்று நம் தோழர்கள் கொதித்தார்கள். கொதிப்பு புரிகிறது. ஆனால் "எல்லோருக்கும் தெரியுமே, இதற்கு ஏன் சான்று?" என்று கேட்டார்களே சிலர், அங்கேதான் நிறுத்தி யோசிக்க வேண்டும். எல்லோருக்கும் தெரியும் என்பது கட்டப் பஞ்சாயத்தின் மொழி. நாம் எழுதிய நான்காவது உரை என்ன? சான்று கேட்டு விசாரிப்பது. அது நமக்குப் பிடிக்காதவனுக்கும் பொருந்த வேண்டும். வேலைநிறுத்த நாளில் பொய் வழக்குப் போட்டு ஆலைத் தொழிலாளியை இழுத்துச் சென்றால், அவனைக் காப்பது எது? ஐயத்தின் பலன் என்ற அதே கேடயம்தான். பகைவனிடமிருந்து அதைப் பிடுங்கினால், நாளை நம் தோள் வெறுமையாக இருக்கும். தீர்ப்பு தவறு என்றால் மேல்முறையீடு செய்; சான்றை எடுத்து வை; வாதாடு. அதுவே வழி.

ஆனால் நீதிமன்றங்களிடம் ஒரு வினா கேட்கவும் நமக்கு உரிமை உண்டு. அந்தக் கேடயம் எல்லோருக்கும் ஒரே அளவில் கிடைக்கிறதா? கீழ்வெண்மணியை மறக்க முடியுமா? 1968 டிசம்பர் 25. அரைப்படி நெல் கூடுதலாகக் கேட்ட கூலி மக்களின் 44 உயிர் ஒரு குடிசைக்குள் கருகியது. நம் ஆட்சி நடந்த காலத்தில் நடந்தது என்பதால் அதை மூடி மறைக்க வேண்டியதில்லை. மறைப்பவன் பகுத்தறிவாளன் அல்லன். கீழ் நீதிமன்றம் பண்ணையாரைத் தண்டித்தது. எழுபதுகளில் உயர் நீதிமன்றம் விடுதலை செய்தது. பெரிய நிலக்கிழார்கள், கார் வைத்திருப்பவர்கள், தாங்களே நடந்து சென்று தீ வைத்திருப்பார்கள் என்று நம்புவது கடினம் என்ற வாதமும் அந்தத் தீர்ப்பில் இருந்தது. கார் வைத்திருப்பது குற்றமின்மைக்குச் சான்றாம்! ஐயத்தின் பலன் ஏழைக்கு எட்டாத உயரத்தில் தொங்கினால், அது உரிமை அன்று, சலுகை.

பிறகு 1980இல் அந்தப் பண்ணையார் வெட்டிக் கொல்லப்பட்டார். "அதுதான் உண்மையான தண்டனை" என்று சொல்லும் தோழர்கள் இன்றும் உண்டு. ஐந்து உரையையும் எடுங்கள். கொடிய குற்றம் நடந்தது, உண்மை. ஆனால் விசாரித்தது யார்? அதிகாரம் தந்தது யார்? இல்லை. எனவே அதுவும் தண்டனை அன்று. சொல்லக் கசக்கிறது, ஆனால் உரைகல் ஆளுக்கு ஆள் மாறக் கூடாது. நம் பக்கத்து அரிவாளுக்கு ஒரு இலக்கணம், எதிர்ப் பக்கத்து அரிவாளுக்கு வேறு இலக்கணம் என்றால், மனுவுக்கும் நமக்கும் என்ன வேறுபாடு? நீதிமன்றம் தவறினால் அரிவாள் எழும் என்பது ஆள்வோர்க்கு எச்சரிக்கை. அதை நம் கொள்கையாக்கிக்கொள்ள முடியாது.

களை எடுப்பது எப்படி?

வள்ளுவர் தூக்கை ஆதரித்தாரே என்று கேட்பார்கள். ஆம், செங்கோன்மை அதிகாரத்தில், கொடியவர்களை ஒறுப்பது பயிரில் களை எடுப்பதற்கு ஒப்பு என்கிறார். மறுக்கவில்லை. அடுத்து, வெருவந்த செய்யாமை என்ற அதிகாரத்தையும் படியுங்கள். ஆராய்ந்து, மறுபடி நிகழாதபடி, குற்றத்துக்கு ஏற்ற அளவில் ஒறுக்க வேண்டும் என்கிறார். ஓங்கும்போது கடுமையாக ஓங்கி, அடிக்கும்போது அளவாக அடி என்கிறார். தண்டனைக்கு வள்ளுவர் தரும் மூன்று அளவுகோல்: ஆராய்ச்சி, அளவு, மறுபடி நிகழாமை.

களை என்ற உவமையையே எடுத்துக்கொள்வோம். கொங்கு நாட்டு உழவனுக்குத் தெரியாததா? கோரைப் புல்லை மேலோடு அறுத்தால் நாலு நாளில் மறுபடி தலை காட்டும். மண்ணுக்குள் கிழங்கு இருக்கிறது. தூக்குக் கயிறு இலையை அறுக்கும். கிழங்கு? அதன் பெயர் சாதி. உழவன் களை எடுப்பது களைமேல் கோபம் கொண்டா? பயிர் வாழ வேண்டும் என்று. தண்டனையின் நோக்கமும் பயிர்தான். இன்னொரு சங்கரும் இன்னொரு கௌசல்யாவும் கை கோத்துக் கடைத்தெருவில் அச்சமின்றி நடக்க வேண்டும். அதற்கு உதவுமளவே தண்டனைக்கு நியாயம்.

அப்படியானால் தூக்கு வேண்டுமா? 1980இல் பச்சன் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம், அரிதினும் அரிதான வழக்குக்கே தூக்கு என்று வரம்பு கட்டியது. என் கருத்து அதற்கும் ஒரு படி மேலே. ஒருவருக்கு ஒரு நீதிமன்றத்தில் தூக்கு, அடுத்த நீதிமன்றத்தில் விடுதலை என்பதை இதே உடுமலை வழக்கில் கண்டோம். இடையில் கயிறு இறுகியிருந்தால்? சிறைக் கதவைத் திறந்து தவறைத் திருத்தலாம். சுடுகாட்டுக் கதவைத் திறக்க முடியாது. கொன்றவனை நாட்டிலிருந்து விலக்கி வைக்க, சங்கரின் உயிர் மதிப்பை ஊரறியச் சொல்ல, குறைப்பில்லாத நெடுஞ்சிறை போதும். வேண்டியது இன்னும் தடித்த கயிறு அன்று. தப்ப முடியாத வலை.

அந்த வலையைப் பின்னும் வேலை நடக்கிறது. 2018இல் சக்தி வாகினி வழக்கில் உச்ச நீதிமன்றம், மிரட்டப்படும் இணையருக்குப் பாதுகாப்பு இல்லமும் மாவட்டந்தோறும் தனிப் பிரிவும் அமைக்கச் சொன்னது. 2024 ஜூலை முதல் நடப்பிலுள்ள புதிய குற்றவியல் சட்டம், ஐந்து பேர் அல்லது அதற்கு மேற்பட்டோர் சேர்ந்து சாதியின் பெயரால் கொன்றால் ஒவ்வொருவரும் கொலைக்குப் பொறுப்பு என்கிறது. தனிச் சட்டத்துக்குப் பரிந்துரை செய்ய நீதிபதி பாஷா தலைமையில் ஆணையம் அமைப்பதாக 2025 அக்டோபரில் தமிழ்நாடு அரசு அறிவித்தது. நல்லது. சட்டம் வரட்டும்; விரைந்து வரட்டும்.

ஆனால் தோழர்களே, சட்டம் கொலைக்குப் பிறகு வரும் ஊர்தி. கொலைக்கு முன்னே வர வேண்டியவர்கள் நாம். பகுத்தறிவுக் கவிராயர் உடுமலை நாராயணகவி பிறந்த பூளவாடி இருப்பது இந்த வட்டாரத்தில்தான். அவர் பாட்டை மேடையில் போட்டுவிட்டு, வீட்டில் சாதிச் சங்கக் காலண்டரை மாட்டினால் எப்படி? கறுப்பும் சிவப்பும் கரை வேட்டியில் இருந்தால் போதாது. மகளின் காதல் செய்தி காதில் விழும் அன்று மனத்திலும் இருக்க வேண்டும். கிளைக் கழகத் தோழர் வீட்டுப் பெண் சாதி கடந்து மணந்தால், முதல் மாலை நம் படிப்பகத்திலிருந்து போகட்டும். மிரட்டல் வந்தால், அன்றைய இரவு அந்த வீட்டுத் திண்ணையில் பத்துத் தோழர்கள் படுத்துறங்கட்டும். கொலைகாரனுக்கு மாலை போடப் போகிறவன், நம் கட்சியானாலும், நம் சாதியானாலும், நம் மைத்துனனே ஆனாலும், அவன் வீட்டு விசேஷத்துக்கு நாம் போவதில்லை என்று முடிவெடுப்போம். கண்ணால் கண்டவர்கள் நீதிமன்றத்தில் வாய் திறக்கட்டும். திறப்பவருக்குத் துணையாக நாம் வழக்கு முடியும்வரை போகலாம், வரலாம்.

தேர்தல் வருகிறது, அந்தச் சாதி வாக்கு போய்விடும் என்று தயங்குவோர் இருப்பார்கள். அவர்களுக்கு ஒரே ஒரு கணக்கு: அரிவாளுக்கு அஞ்சிப் பெறும் வாக்கு, அடுத்த அரிவாளுக்குக் கொடுக்கும் முன்பணம்.

"கொலை தப்புதான், ஆனால்..." என்று எவராவது நாளை தேநீர்க் கடையில் தொடங்கினால், அந்த 'ஆனால்' என்ற இடத்திலேயே அவரை நிறுத்துங்கள். ஐந்து உரையையும் எடுத்து வையுங்கள். குற்றம் எது? சட்டம் எது? சான்று எது? விசாரித்தது யார்? அதிகாரம் தந்தது யார்? பொறுமையாகக் கேளுங்கள். அவரிடம் விடை இருக்காது. விடை இல்லாத வாதத்தை ஊர் கைவிடும் நாளில், அரிவாளைத் தூக்க ஆள் வர மாட்டான்.